ஆறு ஊர்க் காய்ச்சல்

"நீ யாரு வீட்டுப் பிள்ளை?" என்று முதல் குழாயைக் கேட்டுவிட்டுத்தான் நிமியா ஓவேலார் அதன் மூடியைத் திருகுகிறார். குழாயில் இருப்பது காய்ச்சல்காரர் ஒருவரின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த மஞ்சள் நீர், ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. அது பதில் சொல்லாது என்று ஐம்பத்திரண்டு வயதில் அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் ஒரு நொடி காத்திருப்பார். பிறகு அடுத்த குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பார். "நீ?"

தலைநகரம் அசுன்சியோனில் வெளியே நாற்பது டிகிரி வெயில். ஆய்வுக்கூடத்துக்குள் கருவிகளுக்காகப் பதினெட்டு. அதனால் நிமியா ஊதா நிறக் கம்பளிச் சட்டை போட்டிருப்பார். அதில் யாருக்கும் குறையில்லை. மாலையில் அதைக் கழற்ற மறந்து, தார் உருகும் பஸ் நிறுத்தத்திலும் அப்படியே போய் நிற்பார் என்பதுதான் விஷயம். அந்த வழி ஓட்டுநர்கள் அவருக்காகக் கதவைத் திறந்து, "குளிர்காரம்மா ஏறியாச்சா? விடுறா வண்டியை" என்பார்கள். அவர் அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளமாட்டார்.

அவருடைய வேலையைச் சுருக்கமாகச் சொன்னால், கிருமிகளின் வம்சாவளி பார்ப்பது. சிக்குன்குனியாக் கிருமியின் உடம்பு ஒரு நீண்ட எழுத்து வரிசை. நான்கே எழுத்துகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பன்னிரண்டாயிரத்துக்குச் சற்றுக் குறைவாக எழுதிய வரிசை. ஒருவர் உடம்பிலிருந்து கொசு வழியாக இன்னொருவர் உடம்புக்குப் போகிறபோது கிருமி தன்னைத்தானே பிரதி எடுத்துக்கொண்டே போகிறது. தூங்கி வழியும் குமாஸ்தா போல மாதத்துக்கு ஏறக்குறைய ஓர் எழுத்தைத் தப்பாக எழுதிவிடுகிறது. எழுதிய தப்பு, பிறகு வரும் பிள்ளைகள் எல்லோருக்கும் அப்பன் கன்னத்து மச்சம் போல ஒட்டிக்கொள்கிறது. இரண்டு பேரின் கிருமிகளில் ஒரே மச்சம் இருந்தால் இரண்டும் ஒரு வழி வந்தவை. மச்சங்களை வரிசைப்படுத்தினால் காய்ச்சல் எங்கிருந்து எங்கே போனது என்று சொல்லிவிடலாம்.

நிமியா அதை இப்படிச் சொல்லமாட்டார். "இவன் இருக்கானே, போன வாரம் வந்தானே ஒருத்தன், அவனுக்குத் தம்பி. அந்த மூணாவது ரெண்டு பேருக்கும் சித்தப்பன். மூஞ்சியைப் பாரு, உரிச்சு வெச்ச மாதிரி இருக்கு" என்பார். கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும் பெண்களின் குரல் அது.

இதையெல்லாம் அவருக்கு யாரும் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தரவில்லை. வயிற்றுப் பூச்சி பார்க்கத்தான் இந்தக் கட்டடத்துக்கு வந்தார். பதினைந்து வருடம் நுண்ணோக்கியில் அதைத்தான் பார்த்தார். ஒருநாள் வெளிநாட்டிலிருந்து வந்த குழு ஒன்று, உள்ளங்கையில் அடங்குகிற எழுத்து படிக்கும் கருவி ஒன்றையும், பாதி புரிந்த ஒரு புத்தகத்தையும் வைத்துவிட்டுப் போனது. முதல் நான்கு மாதம் எதுவும் தேறவில்லை. கெட்டுப்போன ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் காரணம் எழுதினார். 'ஜூலை 9. அவசரப்பட்டேன்.' 'ஜூலை 11. அவசரப்படவில்லை. ஆனாலும்.' அறுபத்தோராவது பதிவுக்குப் பிறகு கருவி பேசத் தொடங்கியது. அதை இன்றைக்கும் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில், கம்பளித் துணி விரித்துத்தான் வைத்திருக்கிறார். வெளியிலிருந்து வருகிறவர்கள் பிஸ்கட் என்று நினைத்து டப்பாவைத் திறந்துவிடுவதுண்டு.

கணினியைப் பார்த்துக்கொள்பவன் தெர்லிஸ். நாற்பது வயது, இரண்டு பிள்ளைகள், தீராத சீப்பாப் பிரியன். மரவள்ளி மாவிலும் பாலாடைக்கட்டியிலும் சுட்ட அந்த வளையத்தை மென்றபடி அவன் ஒரு பொத்தானைத் தட்டினால் திரையில் கிருமிகளின் குடும்ப மரம் வண்ண வண்ணமாக விரியும். நிமியா அதைப் பார்த்துத் தலையாட்டுவார். பிறகு மாறிய எழுத்துகளை மட்டும் நீளத் தாளில் அச்சிட்டு, நடைக்கூடத்துச் சுவரில் ஒட்டி, கலர் பென்சிலோடு நின்றுவிடுவார்.

"அதான் கம்ப்யூட்டர் சொல்லிடுச்சே, நிமியாக்கா?"

"சொல்லும். நாளைக்கு டாக்டர் முன்னாடி நிக்கப்போறது அதுவா, நானா?"

காலை பத்து மணிக்குத் தெரெரே. மாட்டுக்கொம்புக் குவளையில் இலைத்தூள் நிரப்பி, ஐஸ் தண்ணீர் ஊற்றி, ஒரே உலோகக் குழலால் ஒருவர் மாற்றி ஒருவர் உறிஞ்சுவார்கள். ஊற்றுகிற உரிமை நிமியாவுக்கு. அந்தப் பத்து நிமிடம் யாரும் வேலையைப் பற்றிப் பேசக்கூடாது என்பது அவரே போட்ட சட்டம். அதை மீறுகிறவரும் அவர் ஒருவர்தான்.

அவருக்குப் பெருமை இரண்டு. ஒன்று, இருபத்து மூன்று வருடத்தில் தான் கையெழுத்துப் போட்ட ஓர் அறிக்கைகூடத் திரும்பி வந்ததில்லை என்பது. இன்னொன்று, ஒவ்வொரு குழாயோடும் வரும் நோயாளி படிவத்தின் மூன்றாவது வரி.

அந்த வரிக்கு ஒரு கதை உண்டு. முன்பெல்லாம் ரத்தம் எடுத்த ஆஸ்பத்திரி எந்த ஊரோ அதையே நோயாளியின் ஊராக எழுதிவிடுவார்கள். வரைபடத்தில் பார்த்தால் நாட்டின் காய்ச்சல் மொத்தமும் தலைநகரத்து ஆஸ்பத்திரி ஒன்றின் வாசலிலேயே படுத்துக் கிடக்கும். நிமியா பதினொரு சுகாதார நிலையங்களுக்கு நேரில் போனார். சன்னலில் உட்காரும் குமாஸ்தாக்களை வரிசையாக நிற்கவைத்து, "உங்க இஷ்டத்துக்கு எழுதாதீங்க. இப்ப வசிக்கிற ஊர் எதுன்னு வாயைத் தொறந்து கேளுங்க. அவங்க சொல்றதை அப்படியே எழுதுங்க" என்று பாடம் எடுத்தார். அன்றிலிருந்து மூன்றாவது வரி: 'இப்போது வசிக்கும் ஊர்.' அதைக் காலியாக விட்ட படிவம் சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறியோடு வந்த வழியே திரும்பும்.

மார்ச் மாதம் நடந்தது அந்த மூன்றாவது வரியால்தான்.

தலைநகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து ஏழு வாரத்தில் பதினான்கு குழாய்கள் சிக்குன்குனியாவோடு வந்தன. மூன்றாவது வரி எல்லாவற்றிலும் ஒழுங்காக நிரப்பப்பட்டிருந்தது. இஸ்லா குவாவிரா, செரோ வெரா, பொத்ரேரோ யோவாய், இன்னும் மூன்று சிற்றூர்கள். திசைக்கொன்றாக ஆறு ஊர். வைத்தியத்துக்குத் தலைநகரம் வருவது எல்லா ஊர்க்காரர்களும் செய்வதுதான் என்பதால் யாருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை. கிருமிகளும் ஒரே குடும்பம். மேலதிகாரி டாக்டர் கன்யேத்தே அவசரப்படுத்தினார். சுவரில் தாள் ஒட்டுவதற்கு முன்பே, வாழ்க்கையில் முதல் தடவையாக, நிமியா கையெழுத்துப் போட்டார். 'ஆறு ஊர்களில் ஒரே சமயத்தில் பரவல்.'

டாக்டர் கன்யேத்தேவுக்கு அம்புக்குறி என்றால் உயிர். அன்று மாலைக்குள் தேசப்படத்தில் ஆறு சிவப்பு அம்புகள் பாய்ந்துவிட்டன. கொசு மருந்து அடிக்கும் வண்டிகள் கையிருப்பில் இரண்டே இரண்டு. திங்கட்கிழமை காலை அவை கிளம்பி, பத்து நாளில் ஆறு ஊரையும் சுற்றிவர வேண்டும் என்று முடிவாயிற்று. அதற்குப் பிறகு ஈஸ்டர் வாரம். தலைநகரத்தில் பாதி சொந்த ஊருக்குப் பஸ் ஏறும் வாரம். கூட்டம் வந்து சேருமுன் ஊர்களைச் சுத்தம் செய்துவிட வேண்டும் என்பது டாக்டரின் கணக்கு.

ஆறு ஊர்களில் செரோ வெரா நிமியாவின் ஊர். வியாழக்கிழமை தெரெரே நேரத்தில் அவர் அண்ணன் பெலாகியோவுக்குப் போன் போட்டார்.

"நம்ம ஊர்ல மூணு பேருக்குக் காய்ச்சலாமே. எப்படி இருக்காங்க?"

"மூணு பேரா? இருக்கிறதே நாப்பது வீடு. மாட்டுக்குக்கூடக் காய்ச்சல் இல்ல. யாருன்னு சொல்லு, கஞ்சியாவது கொண்டுபோய்க் குடுக்கறேன்."

"பேர் சொல்லக்கூடாதுண்ணே."

"பேர் சொல்லாட்டி எந்த வீட்டுக்குக் கஞ்சி கொண்டுபோக? நீ என்ன வேலைதான் பாக்கிற அங்க?"

நிமியா குவளையைத் தெர்லிஸ் கையில் திணித்துவிட்டு எழுந்தார். பிந்திப்போன தாளைச் சுவரில் ஒட்டினார். கலர் பென்சில்களைச் சீவினார்.

முதல் இரண்டு வாரத்துக் குழாய்களில் எல்லாம் ஒன்றுபோல் இருந்தன. மூன்றாவது வாரத்தில் ஒரு புது மச்சம். அதைச் சிவப்பில் வட்டமிட்டார். அதற்கப்புறம் வந்த எல்லோரிடமும், இஸ்லா குவாவிராவிலும் செரோ வெராவிலும் பொத்ரேரோ யோவாயிலும், அதே சிவப்பு. ஆறாவது வாரத்தில் சிவப்பின்மேல் இன்னொன்று. அதற்குப் பச்சை. அந்தப் பச்சையும் நான்கு ஊர்களில். உண்மையில் ஆறு ஊர்களில் பரவியிருந்தால் ஒவ்வோர் ஊரிலும் கிருமி தனக்கென்று ஒரு மச்சம் வாங்கிக்கொண்டு தனிக்குடித்தனம் போயிருக்கும். இங்கேயோ ஒரே கூட்டுக் குடும்பம் வாரா வாரம் ஆறு ஊருக்கும் தாவிக்கொண்டிருந்தது. செரோ வெராவுக்கும் இஸ்லா குவாவிராவுக்கும் நடுவே இருநூறு கிலோமீட்டர். இந்தக் கொசுவோ பிறந்த வீட்டிலிருந்து நான்கு வீடு தள்ளிப் போனாலே நெடும்பயணம்.

"இந்தப் பையனுக்கு பஸ் பாஸ் எடுத்துக் குடுத்தது யாரு?" என்று நிமியா சுவரைக் கேட்டார்.

தெர்லிஸ் பின்னால் வந்து நின்று நெடுநேரம் பார்த்தான். "அக்கா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்கக்கூடாது. நாளைக்கு உங்களுக்குக் காய்ச்சல் வருது. ஆஸ்பத்திரி சன்னல்ல இப்ப வசிக்கிற ஊர் எதுன்னு கேக்கறாங்க. என்ன சொல்லுவீங்க?"

"இதென்ன கேள்வி? செரோ வெரா."

"நீங்க இங்க வந்து?"

"முப்பத்தோரு வருஷம். அதுக்கென்ன? ரெண்டு வருஷத்துல ஊருக்குப் போயிடத்தானே போறேன்."

இதைச் சொன்னபடி இரண்டு முறை இமைத்தார். வாடகை அறையில் இன்னும் கயிறு பிரிக்காத இரண்டு அட்டைப்பெட்டிகள் உள்ளவர் அவர். மரவள்ளிக் கிழங்கைத் தன் ஊர்க்காரன் என்று சொல்லிக்கொள்ளும் ஒருவனிடம் மட்டுமே வாங்குபவர். அவன் அந்த ஊரைக் கண்டதுகூட இல்லை என்பது சந்தைக்கே தெரியும்.

"அந்தப் படிவங்களைக் குடு" என்றார்.

படிவங்களில் இருந்த முதல் போன் எண் பிளாசிதா என்ற பெண்மணியுடையது. ஊர், இஸ்லா குவாவிரா.

"ஆமா டாக்டரம்மா. இஸ்லா குவாவிராதான். பொறந்தது வளந்தது எல்லாம்." வெள்ளைச் சட்டை போட்ட யாரும் இந்த ஊரில் டாக்டர்தான். நிமியா அதைத் திருத்துவதை நிறுத்திப் பல வருடமாயிற்று.

"இப்ப எங்க இருக்கீங்கம்மா?"

"இப்பவா? இப்ப சும்மா இங்க இருக்கோம்."

"இங்கன்னா?"

"சான் ரொசெந்தோல. ஆத்தோரம். வேலைக்காக வந்து தங்கியிருக்கோம்."

"எத்தனை நாளா?"

மறுமுனை கணக்குப் போட்டது. "மூத்தவ வயித்துல இருக்கறப்ப வந்தோம். அவளுக்கு இப்ப இருபத்தாறு."

"காய்ச்சல் வந்த சமயத்துல ஊருக்குப் போயிருந்தீங்களா?"

"எங்க போறது? ஈஸ்டருக்குப் போனாத்தான் உண்டு. போன வருஷம் அதுவும் இல்ல, மழை."

"சன்னல்ல வசிக்கிற ஊர்னுதானே கேட்டாங்க?"

"கேட்டாங்க, சொன்னேன். சான் ரொசெந்தோவை எல்லாம் ஒரு ஊருன்னு எழுதிக் குடுப்பாங்களா டாக்டரம்மா? காறித் துப்பமாட்டாங்க?" பிளாசிதாவின் குரல் சட்டென்று தணிந்தது. "அது கெடக்குது. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். என் சின்ன மக லிஸ்ஸுக்கு மூணு வாரத்துல பிரசவம். ஒரே வீடு. எனக்கு வந்தது அவளுக்கும் வருமா? இங்க கொசு பிச்சுப் புடுங்குது."

தாய்க்குக் காய்ச்சல் இருக்கும்போது பிறக்கிற பிள்ளைகளில் பாதிக்கு அது தொற்றிவிடும் என்பதும், பச்சைக் குழந்தையின் மூளை அதைத் தாங்காது என்பதும் நிமியாவுக்குத் தெரியும். அதைப் போனில் சொல்ல முடியாது.

"கொசுவலை கட்டிப் படுக்கச் சொல்லுங்க. பகல்லயும்."

"பகல்ல வலைக்குள்ளயா? வெந்து போயிடுவா."

"வெந்தாலும் பரவாயில்ல. உள்ளயே இருக்கச் சொல்லுங்க."

வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் பதினான்கில் பதினொருவர் கிடைத்தார்கள். ஒருவர் திட்டிவிட்டு வைத்தார், இருவர் எடுக்கவில்லை. பதினொருவரும் ஆறு ஊர்க்காரர்கள்தான். பதினொருவரும் தலைநகரத்துச் சான் ரொசெந்தோ பேட்டையில், ஆற்றை ஒட்டிய நான்கே தெருக்களில், 'சும்மா தங்கி' இருந்தார்கள். மிகக் குறைந்த காலம் தங்கியவருக்குப் பதினேழு வருடம். வண்டிகள் இரண்டும் திங்கட்கிழமை அந்த நான்கு தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிளம்பவிருந்தன.

டாக்டர் கன்யேத்தே அம்புகளை விட்டுக்கொடுப்பதாக இல்லை. "மேல அனுப்பியாச்சு நிமியா. பதினாலு பேரும் பொய் சொல்லிட்டாங்கன்னா சொல்லச் சொல்றீங்க?"

"பொய் இல்ல டாக்டர். நீங்க எந்த ஊரு?"

"பாசோ இத்தா." நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துதான் சொன்னார்.

"அங்கிருந்து எப்ப வந்தீங்க?"

"எங்க வர்றது? நான் இங்கயே பொறந்தவன். அது எங்கப்பா ஊரு..." டாக்டர் நிறுத்தினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது. "சரி. ஆனா அந்த லிஸ்ட்ல செரோ வெரா இருக்கு. சொந்த ஊர் மானத்தைக் காப்பாத்த அறிக்கையை மாத்திட்டாங்கன்னு பேசுவாங்களே. உங்களுக்கு அது தேவையா?"

தேவையில்லைதான். நேற்றிலிருந்து அதுவும் அவருக்குள் குடைந்துகொண்டிருந்தது. அறிக்கை திரும்பும் அவமானம் ஒன்று, அதைச் செய்த காரணத்தை ஊர் வேறு மாதிரிப் பேசப்போகும் அவமானம் இன்னொன்று. நிமியா கம்பளிச் சட்டையின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டார்.

"பேசட்டும். இன்னும் ரெண்டு வாரத்துல ஈஸ்டர். சான் ரொசெந்தோ மொத்தமும் மூட்டை கட்டி அந்த ஆறு ஊருக்கும் பஸ் ஏறும். கிருமியும் கூடவே ஏறும். அப்ப உங்க அம்பு ஆறும் நிஜமாயிடும் டாக்டர். அதுவரைக்கும் காத்திருக்கலாம்னா சொல்லுங்க, நான் போய் வேலையைப் பாக்கறேன்."

டாக்டர் படத்தைப் பார்த்தார். பிறகு போனை எடுத்தார்.

திருத்தத்தைத் தட்டச்சு செய்த தெர்லிஸ், "மறுபரிசீலனைக்கு உட்பட்டதுன்னு போடட்டுமா அக்கா? கௌரவமா இருக்கும்" என்றான்.

"தவறுன்னு போடு."

"சிறு தவறு?"

"தெர்லிஸ், சீப்பாவை முழுங்கிட்டுப் போடு. தவறு."

நோட்டுப் புத்தகத்தில் அன்றைய பதிவு: 'சுவருக்கு முன்பே கையெழுத்து. வசிக்கும் ஊரைக் கேட்கச் சொன்னேன். நானே என்ன பதில் சொல்வேன் என்று யோசிக்கவில்லை.'

திங்கட்கிழமை வண்டிகள் சான் ரொசெந்தோவுக்குள் இறங்கியபோது முன் இருக்கையில் நிமியா இருந்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை. நான்கு தெருவும் ஒரே மாதிரி இருந்தன. கூரைத் தகடு பறக்காமலிருக்க மேலே பழைய டயர்கள். முற்றத்தில் திறந்த பீப்பாய்கள். குழாய்த் தண்ணீர் எப்போது நிற்கும் என்று தெரியாததால் எல்லாவற்றிலும் தண்ணீர். தண்ணீருக்குள் நெளியும் கரும்புள்ளிகள். ஒரு மூடி போடக் கூடாதா என்று குழுத்தலைவர் கேட்டால் வீட்டுக்கு வீடு ஒரே பதில். "மூடியா? நாங்க என்ன இங்கயேவா இருக்கப் போறோம்?" சும்மா தங்கியிருக்கிறவர்கள் பீப்பாய்க்கு மூடி வாங்குவதில்லை. நிமியாவுக்கு அந்தப் பதிலில் குறை சொல்ல எதுவும் தோன்றவில்லை. தானே சொல்லியிருக்கக் கூடிய பதில்தான். கம்பளிச் சட்டையின் கைகளைச் சுருட்டிவிட்டு, ஆட்களோடு சேர்ந்து பீப்பாய்களைச் சாய்த்தார். பிளாசிதா வீட்டில் வலைக்குள்ளிருந்து லிஸ், "இந்த வெயில்ல கம்பளியா? இவங்கதான் என்னை உள்ள போட்டவங்களா? சரியாப் போச்சு" என்றாள். பிளாசிதா மகளைக் கிள்ளினாள்.

படிவமும் மாறியது. குமாஸ்தாக்கள் இனியும் ஊரைக் கேட்கட்டும், அதைக் கேட்காமல் விட்டால் மனிதர்களுக்குப் பொறுக்காது. ஆனால் அதற்குக் கீழே இன்னொரு வரி. 'நேற்று இரவு எங்கே படுத்தீர்கள்?' நிமியாவுக்கு இது பெரிய கண்டுபிடிப்பு. இரண்டாம் நாளே சுகாதார நிலையத்துச் சன்னலிலிருந்து குமாஸ்தா சுனில்தா போனில் அழாத குறையாகக் கத்தினாள்.

"இந்தக் கேள்வியை யாருக்கா எழுதுனது? ஒருத்தரைக் கேட்டேன். பக்கத்துல சம்சாரம். மனுஷன் வாயே தொறக்கல. அந்தம்மா, சொல்லுய்யா சொல்லு, அரசாங்கமே கேக்குதுன்னு பிடிச்சுக்கிட்டா. காய்ச்சல் இருந்த ஆளு ஓடியே போயிட்டாரு."

"அவர் சொன்னதை எழுதிக்கிட்டியா?"

"எங்கக்கா சொன்னாரு?"

"அப்ப தனியாக் கூப்பிட்டுக் கேளு. கொசு கடிச்சது அங்கதான்" என்றார் நிமியா. வரியை மாற்றவில்லை.

சான் ரொசெந்தோவிலிருந்து வரும் குழாய்கள் முதல் வாரம் ஐந்து, அடுத்த வாரம் இரண்டு என்று குறைந்தன. ஈஸ்டர் வந்து போயிற்று. ஆறு ஊர்களிலிருந்து ஒன்றும் வரவில்லை. டாக்டர் கன்யேத்தே அம்புகளைச் சுரண்டி எடுத்த தேசப்படத்தில் ஆறு வெளிறிய தழும்புகள் மட்டும் மிஞ்சின.

ஈஸ்டர் முடிந்த புதன்கிழமை, பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு குழாய்கள். லிஸ்ஸுக்குச் செவ்வாய்க்கிழமை காலை காய்ச்சல். அன்று மதியமே ஆண் குழந்தை. தாயின் ரத்தம் ஒன்றில். இன்னொன்றில், இளஞ்சிவப்பு மூடியிட்ட மிகச் சிறிய குழாயில், குழந்தையுடையது. நிமியா இரண்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை.

குழந்தையின் படிவத்தைப் பிளாசிதாதான் நிரப்பச் சொல்லியிருக்கவேண்டும். ஊர்: இஸ்லா குவாவிரா. நேற்று இரவு படுத்த இடம்: அம்மா நெஞ்சின்மேல்.

தெர்லிஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "விலாசம் இல்லக்கா. சிவப்பு மை போட்டுத் திருப்பி அனுப்பட்டுமா?" என்றான்.

"வை அங்க."

பிசிஆர் கருவி ஒரு சோதனைக்கு நாற்பது சுற்றுச் சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும், கிருமியின் எழுத்து இருந்தால் அதை இரண்டிரண்டாகப் பெருக்கும். இருந்தால் திரையில் கோடு எங்கோ ஓர் இடத்தில் எழும்பி மலைபோல ஏறும். இல்லாவிட்டால் அடியிலேயே கிடக்கும். ஒன்றரை மணி நேர வேலை. அதற்குள் நிமியா வழக்கமாக மூன்று வேறு வேலைகளை முடித்துவிடுவார். அன்று நாற்காலியை இழுத்துப்போட்டுத் திரை முன்னால் உட்கார்ந்தார். பத்து மணி ஆயிற்று. தெரெரேவுக்கு ஐஸ் உடைக்கும் சத்தம் கேட்டது. "அக்கா, ஊத்த ஆள் இல்ல" என்று நடைக்கூடத்திலிருந்து குரல் வந்தது. அவர் எழவில்லை.

இருபத்திரண்டாவது சுற்றில், கருவி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க வைத்த கிருமிக் குழாயின் கோடு ஏறியது. ஏறவேண்டியதுதான். இருபத்தாறில் இன்னொரு கோடு. நிமியா அதன் எண்ணைப் பட்டியலில் தேடினார். அது வேறொரு பேட்டையிலிருந்து வந்த முதியவருடையது. முப்பது. கிருமி கொஞ்சமாக இருந்தால் இதற்கு மேலும் கோடு எழலாம். முப்பத்தைந்தில் எழுந்த கோடுகளையும் அவர் பார்த்திருக்கிறார். முப்பத்தாறு. தெர்லிஸ் குவளையோடு வந்து பின்னால் நின்றான், உறிஞ்சாமல். முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது.

கருவி ஒரு சின்னக் கீச்சொலி எழுப்பிவிட்டு நின்றது.

"முடிஞ்சுதுக்கா" என்றான் தெர்லிஸ்.

திரையின் அடியில் தாயின் கோடும் பிள்ளையின் கோடும் எது யாருடையது என்று பிரிக்க முடியாமல் ஒன்றின்மேல் ஒன்றாகப் படுத்திருந்தன. நிமியா கம்பளிச் சட்டைக்குள்ளிருந்து கையை நீட்டி, அந்தக் கோட்டின் தொடக்கத்தில் ஆள்காட்டி விரலை வைத்தார். ஒன்றிலிருந்து நாற்பதுவரை, எங்கும் தூக்காமல், மெதுவாக இழுத்துக்கொண்டு போனார்.